கப்பல் மணிக்கு ஒரு சடை

எம்.வி. நீலவேணி
ஆண்ட்வெர்ப் துறைமுகம்
12.8.1986

அன்புள்ள அக்கா வெள்ளத்தாய்க்கு,

தம்பி உக்கிரபாண்டி எழுதிக்கொண்டது. நான் இங்கே கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். நன்றாகப் பசிக்கிறது, படுத்தால் தூக்கம் வருகிறது. நீயும் தங்கச்சாமி அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? ஸ்ரீவில்லிபுத்தூரில் அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா?

அக்கா, இன்றைக்கு ஒரு பொருளைப் பார்த்துவிட்டேன். அதிலிருந்து சோறு இறங்கவில்லை. எங்களுக்குப் பக்கத்தில் ஒரு நார்வேக்காரன் கப்பல் நிற்கிறது. அதன் முன்தளத்தில் தொங்கும் மணியைப் பார்த்தேன். மணி கிடக்கட்டும், அதன் நாக்கில் கட்டியிருந்த கயிற்றைச் சொல்கிறேன்! ஒன்றரைச் சாண் நீளம்தான். மேலே மாட்டுவதற்கு ஒரு கண், அதற்குக் கீழே சடை சடையாகப் பின்னல், நடுவில் தலைப்பாகை கட்டினாற்போல உருண்டு திரண்ட ஒரு முடிச்சு, பிறகு வரி வரியாகச் சுற்று, கடைசியில் குஞ்சம். எல்லாம் வெள்ளை வெளேரென்று. எங்கள் மணியில் என்ன தொங்குகிறது தெரியுமா? கன்றுக்குட்டியைக் கட்டுகிற மாதிரி ஒரு துண்டு நைலான் கயிறு. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அந்தக் கப்பல் ஆள் ஒருவனைப் பிடித்துக்கொண்டேன். அவன் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவனுக்குத் தெரியாது. இரண்டு பேரும் கையாலேயே பேசினோம். சாயங்காலத்துக்குள் பாதி வித்தையைக் கறந்துவிட்டேன்!

எங்கள் கேப்டன் நாகர்கோவில்காரர். நேரே அவரிடம் போய்ச் சொன்னேன். "நீ கெட்டுவியாடே?" என்றார். "கெட்டுதேன் சார்" என்றேன். வருகிற கோடையில் கப்பல் தூத்துக்குடிக்கு வரும்போது மணியில் கயிறு தொங்கினால், என்னைச் சுக்கானியாக எழுதிப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். சுக்கானி அக்கா! இந்த இரும்பு மலையைத் திருப்புகிற சக்கரம் என் கையில்! கப்பலில் ஏறிய நாளிலிருந்து இது ஒன்றுதானே என் ஆசை.

எனக்கு வெள்ளைப் பருத்திக் கயிறு வேண்டும். இங்கே எல்லாம் நைலான். நம் ஊரில் இல்லாத பருத்தியா? பம்பாய் ஆபீசுக்கு அனுப்பினால் எனக்கு வந்துவிடும்.

உன் அன்புத் தம்பி,
பாண்டி


இராஜபாளையம்
9.9.1986

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நாங்கள் சுகமாகத்தான் இருக்கிறோம். அம்மா முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறாள், தைலத்தைத் திட்டிக்கொண்டே தேய்க்கிறாள். நீ வேளைக்குச் சாப்பிடு.

உன் கடிதத்தை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். அவிய டவுன் பஸ்ஸில் கண்டக்டர் வேலை டபுள் டூட்டி பார்த்துவிட்டு வந்து களைத்துக் கிடந்தாலும் குபீரென்று சிரித்துவிட்டார்கள். "அங்க போயும் உன் தம்பி கப்பல் மணிக்குச் சடை பின்னிக்கிட்டா இருக்கான்?" என்கிறார்கள். நான் விடுவேனா? "பின்னுனா என்ன? சடை பின்னுத கைதான் நாளைக்குக் கப்பலைத் திருப்பப் போவுது, பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் பேண்டேஜ் கம்பெனியில் மூட்டை கட்ட வருகிற முறுக்குக் கயிற்றைச் சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கினேன். அழுக்கு, கறை ஒன்றும் இருக்காது. நான் பேண்டேஜ் துணி செக்கிங்கில் இருக்கிறவள், என் கண்ணுக்குத் தப்பி ஒரு புள்ளி போகுமா? பார்சல் போட்டாயிற்று.

ஏலே, அந்தத் தலைப்பா முடிச்சு எப்படிப் போடுவது? படம் வரைந்து அனுப்பு. நீ எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குக் கை பரபரவென்று இருக்கிறது.

உன் பிரியமுள்ள அக்கா,
வெள்ளத்தாய்


எம்.வி. நீலவேணி
20.10.1986

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. குளிர்தான் மூக்கைப் பிடுங்குகிறது. உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் பதில் போடு.

கயிறு வந்துவிட்டது! பிரித்தவுடன் நம் ஊர்ப் பஞ்சு வாசனை. பண்டாரி பீர் மைதீன் அண்ணன், அதாவது எங்கள் சமையல்காரர், அதை வாங்கி மோந்து பார்த்துவிட்டு, "ஏ யப்பா, எங்க தூத்துக்குடி மில்லு வாசம்டே" என்றார்.

படம் வரைந்திருக்கிறேன். பின்பக்கம் பார். இடது கை ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் கயிற்றைச் சுற்றிக்கொள். வலது கையால் முனையை மேலே ஒன்று, கீழே ஒன்று என்று ஓட்டு. அந்த இரண்டு விரலும் அசையக்கூடாது. அதுதான் முக்கியம். பிறகு வந்த வழியே மறுபடி இரண்டு சுற்று ஓட்டி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கு. தானாக உருண்டு வரும்.

சடைப் பின்னல் முடித்துவிட்டேன் அக்கா. தினமும் வேலை முடிந்து ஆட்கள் சுற்றி நின்று பார்க்கிறார்கள். சீஃப் ஆபீசர்கூட நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அந்த ஆள் ஒன்றும் சொல்லாமல் போனால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்!

உன் தம்பி,
பாண்டி


இராஜபாளையம்
15.12.1986

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்றுதான் தெரியவில்லை. தீபாவளி போய், கார்த்திகையும் போய்விட்டது. இரண்டு கடிதம் போட்டேன். உனக்கு ஒரு கார்டு எழுத நேரமில்லையா? அம்மா ஞாயிற்றுக்கிழமைதோறும் கேட்கிறாள். நானும் "கடலுக்குள்ள தபால்காரன் நீச்சலடிச்சா வருவான்?" என்று சொல்லிச் சமாளிக்கிறேன்.

சரி, திட்டியது போதும். தலைப்பா முடிச்சு எனக்கு வந்துவிட்டதுலே! முதல் நாள் முழுக்கச் சிக்கல். நான்காம் நாள் உருண்டு வந்துவிட்டது. வந்ததும் வீட்டுக்குள் நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அம்மா பாம்பு வந்துவிட்டது என்று கம்போடு ஓடி வந்தாள். முடிச்சைக் காட்டினேன். "பாகுந்தி, பாகுந்தி" என்று மெச்சிக்கொண்டே கம்பைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டாள். இப்போது அவள் சாவிக்கொத்துக்கு ஒன்று, அத்தானின் விசிலுக்கு ஒன்று. பஸ்ஸில் அந்த விசிலைப் பார்த்துவிட்டு நாலு பேர் கேட்டார்களாம்.

விறைப்பாக நிற்கட்டும் என்று கஞ்சி போட்டுக் காய வைத்தேன். அம்புட்டு அழகு! உன் கயிறு முடிந்துவிட்டதா? எழுது.

அக்கா,
வெள்ளத்தாய்


எம்.வி. நீலவேணி
18.1.1987

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் எல்லாம் சேர்ந்து வந்தது. தபால் தாமதம், வேறொன்றுமில்லை. கப்பலில் வேலை அதிகம். நான் கட்டியது சரியாக வரவில்லை, பிரித்துப் போட்டுவிட்டேன். எனக்கு உட்கார நேரமும் இல்லை. அதனால் மணிக் கயிற்றை முழுதாக நீயே கட்டிவிடு. பின்னல், சுற்று, குஞ்சம் எல்லாவற்றுக்கும் படம் இத்துடன் இருக்கிறது. மாதிரிக்கு ஒரு முடிச்சைப் பீர் மைதீன் அண்ணன் கையில் கொடுத்து விடுகிறேன். அவர் லீவில் வருகிறார்.

கஞ்சி மட்டும் போட்டுவிடாதே. கப்பல் எலி தின்றுவிடும்.

அம்மாவைப் பார்த்துக்கொள்.

பாண்டி


இராஜபாளையம்
22.2.1987

தம்பிக்கு,

முதலில் நல்ல சேதி. உன் கடிதம் வந்த அன்றைக்குக் கம்பெனிக்கு நான் நடந்தா போனேன்? பறந்தேன்! கடலில் போகிற கப்பலுக்கு இந்த வெள்ளத்தாய் கயிறு கட்டுகிறாள்! கஞ்சிச் சமாசாரத்தைச் சொன்னதும் செக்கிங் செக்‌ஷனே விழுந்து விழுந்து சிரித்தது. பொங்கிச் சோறும் போட்டு எலிக்கு விருந்து வைத்திருப்பேன்! சடைப் பின்னல் முடித்து, வரிச்சுற்றும் பாதி ஓட்டிவிட்டேன்.

பிறகு பீர் மைதீன் அண்ணன் வந்தார்கள். கோழி அடித்துப் போட்டேன். தலையைக் குனிந்து சாப்பிட்டார்கள். "பாண்டி எப்படிண்ணே இருக்கான்?" என்று கேட்டேன். "இருக்கான்மா" என்றார்கள். உன் முடிச்சைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிட்டார்கள்.

ஏலே பாண்டி, நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பது உனக்கு மறந்து போச்சா? எங்கள் கம்பெனியில் நூலை வாயில் வைத்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். புண்ணுக்குப் போடுகிற துணி அது. பல் பட்ட நூல் நசுங்கி இருக்கும், பிசிறு ஒரு பக்கமாகப் படுத்திருக்கும். அதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். நீ அனுப்பிய முடிச்சு முழுக்கப் பல் தடம்.

இடது கையில் இரண்டு விரலும் அசையாமல் பிடிக்கணும் என்று எழுதினவன், பல்லால் கடித்து எதற்கு முடிச்சுப் போட்டாய்? போன கடிதத்தில் உன் உடம்பைப் பற்றி ஒரு வரி இல்லை. என் சுகத்தையும் கேட்கவில்லை.

கைக்கு என்னலே ஆச்சு? மறைக்காமல் எழுது. எனக்குச் சாப்பாடு செல்லவில்லை.

அக்கா


எம்.வி. நீலவேணி
30.3.1987

அன்புள்ள அக்காவுக்கு,

இனி மறைத்து என்ன செய்ய? இப்போது வலி இல்லை, காய்ச்சல் இல்லை. அதை முதலில் நம்பு.

நவம்பரில் ஒரு துறைமுகத்தில் கப்பலைக் கட்டும்போது வடம் திடீரென்று இழுத்துக்கொண்டது. என் இடது கை இடையில் இருந்தது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. கரையில் ஆஸ்பத்திரியில் நன்றாகத்தான் பார்த்தார்கள். கையில் சுற்றிய பேண்டேஜைப் பார்த்தேன், உன் ஞாபகம் வந்து அழுதுவிட்டேன். வலிக்குக்கூட அழவில்லை.

கப்பல் திரும்ப அந்தப் பக்கம் வந்தபோது கேப்டன் என்னை மறுபடி ஏற்றிக்கொண்டார். ஆனால் சீஃப் ஆபீசர் விடவில்லை. "ரெண்டு கையும் சரியா இல்லாதவன் டெக் வேலைக்கு ஆக மாட்டான். தூத்துக்குடியில் இறக்கிவிட்டுடுங்க" என்கிறார். நங்கூரம் ஏற்றி இறக்கும்போது முன்தளத்தில் நிற்கிறவன் வலது கையால் கம்பியைப் பிடித்து வெளியே குனிந்து சங்கிலி எவ்வளவு போயிருக்கிறது என்று பார்க்கணும். இடது பக்கம் தொங்குகிற மணியை இடது கையால் அடித்து மேலே இருக்கிற கேப்டனுக்குக் கணக்குச் சொல்லணும். நான் அடித்துப் பார்த்தேன். கயிறு பிடியில் நிற்கவில்லை, நழுவி நழுவிப் போகிறது. சத்தம் பொட்டுப் பொட்டு என்று கேட்கிறது.

உன் கயிற்றை நான் கட்டியதாகச் சொல்லி, இந்தக் கை இன்னும் வேலைக்கு ஆகும் என்று ஏமாற்றிவிடலாம் என்றிருந்தேன். அந்தக் கயிறுதான் என்னைக் காப்பாற்றும் என்று நினைத்தேன்.

கடலை விட்டுவிட்டு நான் எங்கே போவேன் அக்கா? அம்மாவிடம் சொல்லாதே.

பாண்டி


இராஜபாளையம்
20.4.1987

என் தங்கத் தம்பிக்கு,

இங்கே யாரும் சுகமாக இல்லை, எல்லோரும் அழுது முடித்துவிட்டோம். இனி ஆகிற வேலையைப் பார்ப்போம்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். திட்டாதே. பெற்றவளிடம் நான் எப்படி மறைப்பேன்? ஒரு பகல் முழுக்க அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிவிட்டு வந்து, "ஏட்டி, மிச்சம் மூணு விரல் இருக்குல்லா?" என்று கேட்டாள். இருக்கு என்றேன். "அப்பொ எம்புள்ள சோத்தை எடுத்து உங்கட்டும்" என்று எனக்கும் சேர்த்துத் தட்டுப் போட்டாள்.

இப்போது நான் சொல்வதைக் கேள். பொய் சொல்லி அந்தச் சக்கரத்தைப் பிடிக்காதே. கயிறு கட்டினது என் அக்கா என்று கேப்டனிடம் நீயே சொல். சொன்னால்தான் கயிறு வரும். சொல்லவில்லையென்றால் அதை அத்தானின் விசிலுக்கு மாட்டிவிடுவேன், தெரியும்லா?

இன்னொன்று. ஒரு காகிதத்தை விரித்து உன் இடது கையை வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்பு. பொறவு ஒரு கம்பை எப்படிப் பிடிப்பாயோ அப்படிப் பிடித்து, எந்த விரல் எங்கே நிற்கிறது என்று கம்பில் கோடு போட்டு, அந்த அளவையும் அனுப்பு. எதற்கு என்று கேட்காதே. சீக்கிரம்.

அக்கா,
வெள்ளத்தாய்


எம்.வி. நீலவேணி
14.5.1987

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு சுகம். நீங்கள் எல்லோரும் சாப்பிட ஆரம்பித்துவிட்டீர்கள் என்று நம்புகிறேன்.

நீ கேட்ட படம் இத்துடன் இருக்கிறது. எதற்கு, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டவா? வரைந்து முடித்துப் பார்த்தால் எனக்கே முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. கோபம் வருகிறது அக்கா. ஆனாலும் நீ கேட்டதற்காக அனுப்புகிறேன்.

கேப்டனிடம் சொல்லிவிட்டேன். "அக்காவெ வரச் சொல்லுடே" என்றார். அவ்வளவுதான். நல்லதா கெட்டதா, தெரியவில்லை. ஜூன் கடைசியில் தூத்துக்குடி.

பாண்டி


இராஜபாளையம்
2.7.1987

அன்புள்ள தம்பிக்கு,

தூத்துக்குடியில் உன்னைப் பார்த்துவிட்டுப் பத்திரமாக வந்து சேர்ந்தோம். அம்மா பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம், "எம்மவன் கப்பலு நம்ம ஊரு பெரிய தேரைவிட ஒசரம்" என்று கோவில்பட்டி வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள்.

உன் இடது கையை அவள் பிடித்த பிடியை விடவில்லை, பார்த்தாயா? பால்கோவாவை அந்தக் கையில்தான் வைத்துக் கொடுத்தாள். வலது கையை நீட்டினாயே, தட்டிவிட்டாளே!

நீ சாமான் எடுக்கப் போனபோது கேப்டன் என்னிடம் சொன்னது உனக்குத் தெரியாது. "கொழும்பு வரைக்கும் அவனெ வச்சிக்கிடுதேன்மா. அங்க நங்கூரம் போடும்போ மணி அடிக்கட்டு. சத்தம் எனக்குக் கேக்கணும். கேக்கல்லேன்னா அங்கேருந்து வீட்டுக்கு அனுப்பிருவேன். எனக்கு வேற வழியில்ல." நான் சரி என்று தலையாட்டிவிட்டேன்.

மணியைப் பெயிண்ட் அடிக்கக் கழற்றி வைத்திருந்ததும் நல்லதாகப் போயிற்று. நான் பேண்டேஜ் துணியில் சுற்றிக் கொடுத்த பொட்டலத்தை மணியை மாட்டுகிற அன்றைக்குத்தான் பிரிக்கணும். பிரித்ததும் முகத்தைச் சுளிக்காதே. இடது கையால் பிடி. வலது கையால் தொட்டுப் பார்க்கக்கூட வேண்டாம்.

பதில் வருகிற வரைக்கும் எனக்கு உயிர் உயிராக இருக்காது.

அக்கா


எம்.வி. நீலவேணி
கொழும்பு
11.7.1987

என் அக்காவுக்கு, அம்மாவுக்கு, அத்தானுக்கு, விசில் கேட்ட நாலு பேருக்கும்,

நான் சுகம்! சுகமோ சுகம்!

அக்கா, கொழும்பு கண்ணில் பட்டதும்தான் மணியை மாட்டி, பொட்டலத்தைப் பிரித்தேன். சடை அழகு, வரி அழகு, குஞ்சம் தேர்க்குஞ்சம்! ஆனால் கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில், தடிமனாக எலுமிச்சம்பழம் மாதிரி ஒரு தலைப்பா முடிச்சு துருத்திக்கொண்டு நின்றது. சீஃப் ஆபீசர் வலது கையால் பிடித்துப் பார்த்துவிட்டு, "முடிச்சு தப்பான இடத்துல விழுந்திருக்கு. இதைப் பிடிக்க முடியாது" என்றார். நானும் அக்கா அளவைத் தப்பவிட்டாளே என்றுதான் நினைத்தேன். மாற்றிக் கட்ட நேரமில்லை. நங்கூரம் விழுந்துவிட்டது. சங்கிலி சடசடவென்று ஓடுகிறது. வலது கையால் கம்பியைப் பிடித்துக் குனிந்தேன். இடது கையால் உன் கயிற்றைப் பிடித்தேன்.

ஏ அக்கா!

என் இரண்டு விரல் இல்லாத இடத்தில் உன் முடிச்சு வந்து உட்கார்ந்தது. மேலே கட்டைவிரல் அமுக்கியது, கீழே மோதிரவிரலும் சுண்டுவிரலும் கவ்வின, நடுவில் வெற்றிடம் இல்லை. கை நிறைந்துவிட்டது அக்கா! நவம்பரிலிருந்து நிறையாத கை.

அடித்தேன். டங்கென்று துறைமுகம் முழுக்கக் கேட்டது. சங்கிலி போகப் போக இரண்டு, மூன்று, நான்கு என்று அடித்தேன். ஒன்றும் நழுவவில்லை. மேலேயிருந்து ஒலிபெருக்கியில் கேப்டன் குரல் வந்தது: "கேட்டாச்சுடே, கேட்டாச்சு! காது பொளியுது, நிறுத்து சுக்கானி!"

சுக்கானி என்றார் அக்கா. எல்லோர் காதிலும் விழுந்தது. நான் அங்கேயே உட்கார்ந்து குஞ்சத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அழுக்காகிவிட்டது, மன்னித்துக்கொள். சீஃப் ஆபீசர் என்னைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் போனார்.

ஒரு குறை மட்டும் உன் காதில் போடணும். கப்பலில் மற்ற எல்லோரும் உன் வேலையைப் பற்றி என்னிடம் புகார் சொல்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கிறதாம், ஆனால் யார் பிடித்தாலும் அந்த முடிச்சு விரலை இடிக்கிறதாம், கைக்கு ஒட்டவே இல்லையாம். "இருக்கட்டும்ணே" என்றேன். "அது அஞ்சு விரல் உள்ளவனுக்குக் கெட்டுனது இல்ல."

இப்படிக்கு,
உன் தம்பி, சுக்கானி உக்கிரபாண்டி